வழக்கம் காத்த சட்டம்: புதுச்சேரியில் சமத்துவக் கேள்வி

1821 டிசம்பர் 1 அன்று பாரிசின் ஓதேயோன் அரங்கில் கசிமீர் தெலவீஞ் எழுதிய 'பரியா' (பறையர் என்ற சொல்லின் பிரெஞ்சு வடிவம்) என்ற துன்பியல் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஒருவன் தன் குலத்தை மறைத்துப் படைத்தலைவனாக உயர்கிறான். உண்மை வெளிப்பட்டதும் உயிரை இழக்கிறான். பாரிஸ் அந்த நாடகத்தை வரவேற்றது. அதற்கு முன்பே, புரட்சிக் காலத்தில், பெர்னார்தேன் தெ சேன்-பியேர் 'இந்தியக் குடிசை' என்ற கதையில், பண்டிதர்களிடம் கிடைக்காத ஞானம் ஊருக்கு வெளியே வாழும் ஓர் ஒடுக்கப்பட்டவனிடம் கிடைப்பதாக எழுதியிருந்தார். 1838-இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பிரெஞ்சுப் பெண்ணியவாதி தன்னையே ஒரு பரியா என்று அழைத்துத் தன் பயண நூலுக்குத் தலைப்பிட்டார். தமிழ்நிலத்துச் சாதிக் கொடுமை பிரெஞ்சு இலக்கியத்தில் இப்படி மனித விடுதலையின் குறியீடாகிவிட்டது.

அந்த நாடகம் அரங்கேறுவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன், 1819 ஜனவரி 6 அன்று, புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது. இந்தியர்கள் கிறித்தவராயினும் இசுலாமியராயினும் இந்துவாயினும், முன்போலவே தத்தம் சாதியின் சட்டம், வழக்கம், மரபு ஆகியவற்றின்படியே நீதி வழங்கப்பெறுவார்கள் என்பது அதன் மூன்றாம் விதி. 1827-இல் இந்தியச் சட்டநெறி ஆலோசனைக் குழு ஒன்றும் அமைந்தது. வழக்கில் சிக்கல் வந்தால் சாதி வழக்கம் என்ன சொல்கிறது என்று நீதிமன்றம் அந்தக் குழுவைக் கேட்கும். பாரிசின் மேடை கண்ணீர் வடித்த கொடுமைக்குப் புதுச்சேரியின் நீதிமன்றம் சட்டத் தகுதி கொடுத்திருந்தது.

புதுச்சேரியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மூன்றில் ஒரு பக்கம் நிற்கிறார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற கொள்கையைப் பிரெஞ்சுக்காரர்தாம் இங்கே கொண்டுவந்தார்கள் என்பது ஒரு கட்சி. அவர்களும் ஆங்கிலேயரைப் போலவே சுரண்ட வந்தவர்கள், கொள்கையெல்லாம் வெளிப்பூச்சு என்பது இன்னொரு கட்சி. சாதி நம்முடைய உள்விவகாரம், அயலாட்சிக்கு அதில் பங்கில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றுமே முழு உண்மை அல்ல என்பது என் கருத்து. இந்த ஊரின் ஆவணங்களையும் இலக்கியத்தையும் சேர்த்து வைத்துப் படித்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. சமத்துவத்தை இங்கே யாரும் கொடுக்கவில்லை. கீழே தள்ளப்பட்டவர்கள் ஒவ்வொரு முறையும் முன்வந்து கேட்டார்கள். கேட்டபோது சிறிது கிடைத்தது. கிடைத்ததில் பாதியை மறுபடியும் வழக்கம் பிடுங்கிக்கொண்டது.

இந்த வரலாற்றுக்கு முதல் சாட்சி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1709-இல் பிறந்த பிள்ளை பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர். 1736 முதல் 1761 ஜனவரியில் தாம் இறக்கும் வரை ஊர் நடப்பைத் தமிழில் எழுதி வைத்தார். அவர் இறந்த சில நாட்களில் ஊரே ஆங்கிலேயர் கையில் விழுந்தது. 1846-இல் கலுவா மோம்பிரேன் அந்தக் கையெழுத்துப் படிகளைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை அவை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தன. ரங்கப் பிள்ளை வீதியில் அவர் வாழ்ந்த மாளிகை இன்றும் இருக்கிறது. கீழ்த்தளம் மரத்தூண்களும் முற்றமும் கொண்ட தமிழ் வீடு. மேல்தளத்தில் சுண்ணாம்பு பூசிய உருண்டைத் தூண்கள் ஐரோப்பியப் பாணியில் நிற்கின்றன.

வணிகம், போர், விலைவாசி, கவர்னரின் மனநிலை என்று எல்லாம் அந்தக் குறிப்பில் உண்டு. ஆனால் நாம் தேடும் பொருளுக்கு 1745-ஆம் ஆண்டுக் குறிப்புகளே முக்கியம். அந்த ஆண்டு அக்டோபரில் சம்பா கோயில் என்று ஊரார் அழைக்கும் தேவாலயத்தில் ஒரு தகராறு எழுகிறது. கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர், மறுபக்கம் பறையர் சமூகக் கிறித்தவர். காரைக்காலிலிருந்து ஒரு பாதிரியார் வந்தபோது, பறைச்சேரிக் கிறித்தவர்கள் கூடிச் சென்று பெரிய பாதிரியாரிடம் நேருக்கு நேர் கேட்டார்கள்: நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் வேறாக வைக்கிறீர்கள்? சுவர் இடிக்கப்பட்டது. எல்லோரும் ஒரே இடத்தில் நின்று பூசை காண வேண்டும் என்றானது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் வழக்கமாகப் பாதிரியார்களின் பெருந்தன்மையைச் சொல்வார்கள், அல்லது சாதிக்காரர்களின் ஆத்திரத்தைச் சொல்வார்கள். கூடிச் சென்று கேட்டவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்களில் ஒருவர் பெயர்கூட மக்கள் நினைவில் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 ஆண்டுகளுக்கு முன், எந்தப் பிரகடனமும் கையில் இல்லாமல், ஒரு சேரி மக்கள் ஒரு நிறுவனத்தின் தலைவர் முன் நின்று சமமாக நடத்தக் கேட்டிருக்கிறார்கள். புதுச்சேரியின் சமத்துவ வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால் அந்த நாளிலிருந்துதான் என்பேன்.

அதே ஆண்டு முடிவதற்குள் நடந்த இன்னொன்றையும் பிள்ளை எழுதுகிறார். அவருக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் கிறித்தவர். உழவர்கரையில் அவர் ஒரு தேவாலயம் கட்டி விழா எடுத்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டியார் என்று ஊரின் எல்லாச் சாதியாருக்கும் அழைப்பு போயிற்று. விருந்து அவரவர் சாதிக்கேற்பத் தனித்தனியாகச் சமைக்கப்பட்டது. கிறித்தவக் கோயில் விழா இந்து முறையில் நடந்ததே என்று பிள்ளைக்கே வியப்பு. சம்பா கோயிலில் சுவர் விழுந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று நம்பியவர்களுக்கும், மதம் மாறியவர்களுக்குச் சாதியே இல்லை என்று இன்று வாதிடுபவர்களுக்கும் இந்த இரண்டு குறிப்புகளும் போதிய விடை.

பிள்ளையின் குறிப்பைப் படிப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. அவர் செல்வர், உயர்ந்தவர்களின் அவையில் அமர்ந்தவர், சாதி ஒழுங்கு குலைவதை விரும்பாதவர். 1743-ஆம் ஆண்டுக் குறிப்பில், ஏழைகளைக் கூலிவேலை என்று ஆசைகாட்டி அழைத்துப்போய் அடைத்து, தலையை மழித்து, விலங்கிட்டுக் கப்பலில் ஏற்றிய அடிமைக் கும்பலைப் பற்றி அவர் எழுதுகிறார். அங்கே அவருடைய அதிர்ச்சி உண்மையானது. ஆனால் மொரீசியசுக்கும் ரெயூனியனுக்கும் போன அடிமைகளின் வணிகமே தவறு என்று அவர் எங்கும் வாதிடவில்லை. அவர் கண்ணில் பட்டதை அப்படியே எழுதினார் என்பதுதான் அவர் நமக்குச் செய்த பேருதவி. பார்வை அவருடையது, அதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு அடிமை முறை முதலில் 1794-இல் ஒழிக்கப்பட்டது. 1802-இல் நெப்போலியன் அதை மீட்டார். 1848-இல் அது நிலையாக ஒழிந்தது. ஒழிந்த ஐந்தாம் ஆண்டில், 1853-இல், புதுச்சேரிக் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல் கரீபியக் கடலில் மர்த்தினீக்கை அடைந்தது. அடுத்த ஆண்டு குவாதலூப். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, இங்கே பஞ்சமும் சாதியும் ஆட்களைத் தள்ளிவிட்டன.

இப்படிப்பட்ட ஊரில் 1873-இல் ஒரு வழக்கறிஞரின் காலணி வழக்காயிற்று. பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியர் அணிவது போன்ற காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். உள்ளூர் வழக்கப்படி இந்தியர் அப்படி நுழையக்கூடாது என்று தடுத்துத் தண்டம் விதித்தார்கள். அவர் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகவில்லை. வழக்கைப் பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் வென்றார். கடல் கடந்து நீதி தேடியதில் அவர் முதல்வர் அல்லர். அதற்கு முந்தைய நூற்றாண்டில், 1716-இல் சிறையிடப்பட்டு அங்கேயே இறந்த துபாஷி நைனியப்பப் பிள்ளைக்காக அவர் மகன் குருவப்பப் பிள்ளையும் பிரான்சுக்குப் போனார். இருவருக்கும் வெற்றி கிடைத்தது. உள்ளூரில் மறுக்கப்படுவதைப் பாரிஸ் கொடுக்கும் என்ற நம்பிக்கை இப்படித்தான் வேரூன்றியது. ஆனால் அது கப்பல் ஏறவும் வழக்கறிஞர் வைக்கவும் வசதியுள்ளவர்களின் நம்பிக்கை.

பொன்னுத்தம்பி அடுத்து இறங்கிய முயற்சி இன்னும் பெரியது: சாதி வழக்கச் சட்டத்தையே துறப்பது. 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. விரும்பிய இந்தியர் தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வரலாம். துறந்தபின் திரும்ப முடியாது. குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி லபோர்த் ஆனார். இன்று அந்தப் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. ரெனோன்சான் (துறந்தவர்) என்று ஊர் அழைத்த இவர்களில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியாரும் மிகுதி. கச்சேரி அலுவலர் முன் நின்று ஒரு கையெழுத்தால் பிறப்பின் இழிவைக் கழுவலாம் என்பது எவ்வளவு பெரிய ஆசை என்று நினைத்துப் பாருங்கள்.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி வழக்கத்தைக் காக்கும் கட்சி திரண்டது. தேர்தலைப் பயன்படுத்தியே தேர்தல் சமத்துவத்தைத் தடுத்தது. 1908 வரை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இந்த ஊரின் அரசியலை ஆட்டிவைத்தவர் முதலியார். அவரை வெறும் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அயலார் சட்டம் நம் குடும்பத்துக்குள் நுழைவதா என்று அவர் எழுப்பிய கேள்வியில் ஒரு குடியேற்ற நாட்டு மனிதரின் தன்மானமும் இருந்தது. ஆனால் அந்தத் தன்மானத்தின் விலையைக் கொடுத்தவர்கள் அவருடைய சாதியார் அல்லர்.

அரசு என்ன செய்தது? 1884-இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தது. ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர்கள் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. ஒவ்வொரு பட்டியலுக்கும் மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு. மிகச் சிறு தொகையினரான ஐரோப்பியருக்கும் பல்லாயிரக்கணக்கான மக்களுக்கும் ஒரே பங்கு. பிரெஞ்சுக்காரருக்கு நிகராக வேண்டும் என்று எல்லாவற்றையும் துறந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு பட்டியல். 1899-இல் பட்டியல் இரண்டாகக் குறைந்தது. ஒரே பட்டியலும் பெண்களுக்கு வாக்கும் வருவதற்கு இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. குடியரசின் சமத்துவம் தன்னை நாடி வந்தவர்களையே வாசலில் நிறுத்தியது. இந்த ஒரு காரணத்தால்தான் முதல் கட்சியின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

1908-இல் பாரதி இங்கே வந்தார். ஆங்கிலேயர் எல்லைக்கு அப்பால் 'இந்தியா' இதழை நடத்த வந்தவர், 1918 நவம்பர் வரை பத்தாண்டுகள் இருந்தார். 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பாரதி எழுதியவற்றில் நிலைத்தவை பல புதுச்சேரியில் பிறந்தவை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சுட்ட விரும்புவது வேறொன்று. 1912-இல் முதற்பாகம் வெளிவந்த 'பாஞ்சாலி சபதம்' ஒரு நீதிமன்றக் காட்சியில்தான் உச்சம் அடைகிறது. சபையில் இழுத்துவரப்பட்ட பாஞ்சாலி சட்டக் கேள்வி கேட்கிறாள். பீஷ்மர் விடை சொல்கிறார். பழங்காலத்தில் ஆணும் பெண்ணும் நிகராக இருந்தார்கள், இப்போதைய சாத்திரமும் வழக்கமும் அப்படிச் சொல்லவில்லை, அநியாயம்தான் என்றாலும் என்ன செய்ய என்பது அவர் பேச்சின் சாரம். பாரத தேவியின் அடிமைநிலையையே இந்தக் காவியம் பாடுகிறது என்பது வழக்கமான வாசிப்பு. அது சரிதான். ஆனால் சாதி வழக்கமே சட்டம் என்று 93 ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த ஊரில் அமர்ந்து, வழக்கத்தைக் காட்டி நீதியை மறுக்கும் ஒரு பெரியவரைக் கவிஞர் படைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பாரதி அந்த ஆணையை எண்ணி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சபை இந்த ஊர் வாசகருக்கு அந்நியமாக இருந்திருக்காது.

இங்கே அவர் வெளியிட்ட 'ஆறில் ஒரு பங்கு' கதையை உழவுத்தொழில் செய்யும் பள்ளர், பறையர் மக்களுக்கே காணிக்கையாக்கினார். பிரிட்டிஷ் அரசு அதைத் தடைசெய்தது. பிறகு ரா. கனகலிங்கம் என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞருக்குப் பூணூல் அணிவித்தார். இந்தச் செயலைப் பற்றி இன்றும் இரு கருத்து உண்டு. மேலே இருப்பவனின் அடையாளத்தைக் கீழே இருப்பவனுக்குக் கொடுப்பது சமத்துவமா, அந்த அடையாளத்துக்கே மதிப்புக் கூட்டுவதா? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடைகாண முதலில் கேட்க வேண்டியவர் கனகலிங்கம். அவர் 1947-இல் 'என் குருநாதர் பாரதியார்' என்ற நூலை எழுதினார். குருவைப் பற்றிய அன்பு நிறைந்த நூல் அது. அந்தப் பூணூல் அவருக்கு என்னவாக இருந்தது என்பதை அவர் சொல்லில் படித்துவிட்டுத்தான் நாம் தீர்ப்புச் சொல்லலாம். பாரதி வாழ்ந்த ஈசுவரன் தருமராசா கோயில் தெரு வீட்டுக்கு வருவோரில் எத்தனை பேர் இந்நூலைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்?

பாரதியிடம் பாடம் கேட்ட கனக சுப்புரத்தினம் மறுபக்கம் நடந்தார். 1891-இல் இந்த ஊரில் பிறந்து, பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் 1909 முதல் 1946 வரை தமிழாசிரியராக இருந்த பாரதிதாசன், பெரியாரின் இயக்கத்தோடு சேர்ந்தபின் பூணூலையும் கோயிலையும் சாத்திரத்தையும் ஒன்றாக நிராகரித்தார். 1930-இல் 'புதுவை முரசு' சுயமரியாதை இதழாக வந்தது. அதே ஆண்டு 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' வெளியாயிற்று. கைம்பெண் மணத்தையும் காதல் மணத்தையும் பெண் கல்வியையும் பாடிய அவர், பாஞ்சாலியின் கேள்விக்குப் பீஷ்மரைப் போல் கைவிரிக்காத தலைமுறையின் கவிஞர். அரசு ஊதியம் பெற்றுக்கொண்டே இவ்வளவையும் எழுத முடிந்தது பிரெஞ்சு ஆட்சியின் இடைவெளிகளால்தான். அந்த அளவுக்கு இரண்டாம் கட்சியும் இறங்கிவர வேண்டும்.

அரசியலில், பின்னர் தொழிற்சங்கத் தலைவரான வ. சுப்பையா அரிசன சேவா சங்கப் பணியில் தொடங்கினார். 1934 பிப்ரவரி 17 அன்று காந்தி புதுச்சேரிக்கு வந்தார். அதே ஆண்டு சுப்பையாவின் 'சுதந்திரம்' இதழ் பிறந்தது. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆலைக்குள் ஒரே தறி முன் நின்றவர்களைத் தொழிற்சங்கம் ஒன்றாக்கியது. வேலை முடிந்து அவர்கள் திரும்பிய தெருக்கள் ஒன்றாகவில்லை. கோமுட்டித் தெரு, வெள்ளாளத் தெரு, செட்டித் தெரு என்று பெயர்ப்பலகைகள் இன்றும் இருக்கின்றன. சேரிகள் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட கணக்கு அந்தப் பலகைகளில் எழுதப்படவில்லை, ஆனால் நகர வரைபடத்தில் தெரியும்.

பிற்கால இலக்கியம் இந்தக் கடனை ஓரளவு தீர்த்திருக்கிறது. பிரபஞ்சன் ரங்கப் பிள்ளையின் காலத்தை எடுத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற நாவல்களை எழுதினார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. துபாஷியின் பேரேட்டில் ஓரமாகக் கிடந்த தேவதாசிகளும் கூலிகளும் அடிமைகளும் அவர் கையில் மனிதர்களானார்கள். நாகரத்தினம் கிருஷ்ணாவின் 'நீலக்கடல்' புதுச்சேரியிலிருந்து மொரீசியசுக்குப் போனவர்களின் துயரத்தைத் தேடுகிறது. இருந்தும் சம்பா கோயிலில் கேள்வி கேட்டவர்களின் பக்கத்திலிருந்து, அவர்களின் சேரியிலிருந்து தொடங்கி எழுதப்பட்ட பெருநாவல் ஒன்றுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு முழுமையாயிற்று. மூன்று விதமான மக்களுக்கு மூன்று விதமான சட்டம் என்ற பழைய ஏற்பாடு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். முழுதும் முடியவில்லை. புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்ட இந்துத் திருமணச் சட்டம் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று தனி விதி சேர்க்கப்பட்டது. 1881-இல் கையெழுத்திட்ட முன்னோரின் துறவு, இந்தியக் குடிமக்களாக வாழும் அவர்தம் வாரிசுகளைப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் இன்றும் வைத்திருக்கிறது.

அதைவிடக் கனமானது 1964-ஆம் ஆண்டின் புதுச்சேரிப் பட்டியல் சாதிகள் ஆணை. இந்து மதத்தவர், சீக்கியர், 1990 முதல் பௌத்தர் ஆகியோரே பட்டியல் சாதியினராக ஏற்கப்படுவர். கிறித்தவரானால் அந்தத் தகுதி இல்லை. மதம் மாறியவருக்குச் சாதி இழிவு இல்லை என்பது இதன் அடிப்படை. 1745-இல் தேவாலயத்துக்குள் சுவர் இருந்தது என்று நம் ஊரின் நாட்குறிப்பே சொல்கிறது. 1819-இல் கிறித்தவருக்கும் சாதி வழக்கமே சட்டம் என்று நம் ஊரின் ஆணையே சொல்கிறது. மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. இந்த விவாதத்தில் புதுச்சேரியிடம் இருப்பது போன்ற நீண்ட எழுத்துச் சான்று வேறு ஊர்களிடம் இருப்பது அரிது. அதைத் திரட்டித் தமிழில் பதிப்பித்து, அரசின் முன்பும் நீதிமன்றத்தின் முன்பும் வைப்பது இங்குள்ள பல்கலைக்கழகமும் ஆவணக் காப்பாளர்களும் எழுத்தாளர்களும் உடனே செய்ய வேண்டிய வேலை.